ஏரை அவிழ்த்துவிட்டோம், அப்பா

தலையில் துண்டுக்கட்டோடு இன்னும் என் கண்ணுக்குள் நடக்கிற அப்பா,

சௌக்கியமா? அங்கே மழை உண்டா? இங்கே மைசூரில் காலையில் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. சாமுண்டி மலையைக் காணவே காணோம், யாரோ சுருட்டி எடுத்துப் போன மாதிரி. ஷிப்ட் முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு சேதி, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தையல் ஆலையில் என் பக்கத்து மெஷின் ரத்னாவுடையது. நஞ்சன்கூடு பக்கத்துப் பெண், பிள்ளைத்தாச்சி. முந்தாநாள் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் போய், இனி வராதே என்று அனுப்பிவிட்டார்கள், பாவிகள்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் ஆலை வாசலில் நன்றாகத்தான் பேசினார்கள். உள்ளே யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும்தான். மறுநாள் மெஷின் சத்தத்துக்கு நடுவே கண் சொருகியது. மெஷின் வரிசையெல்லாம் உழவுச்சாலாகத் தெரிந்தது. நீங்கள் நம் ஊர் கௌதள்ளிக் காட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். குத்தகை பாக்கிக்காக மாதையன் மாமாவின் எருதுகளைப் பண்ணைக்காரர் பிடித்துக் கட்டிவைத்தாரே, அந்த நாள். ஈரம் காய்ந்தால் விதைப்பே போய்விடும். தெரிந்தும் குத்தகைக்காரர் அத்தனை பேரும் பாதிச் சாலில் ஏரை அவிழ்த்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் எருதுகள் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்கள். களி கொண்டுவந்த என்னிடம் என்ன சொன்னீர்கள்?

"மொதல்ல மாதையன் ஏரு பூட்டட்டும் கண்ணு. அப்பறந்தான் நாங்க."

அப்படியேதான் நடந்தது.

நான் விருட்டென்று எழுந்தேன். வேலையை நிறுத்துங்கள் என்பதைக் கன்னடத்தில், 'கெலச நில்லிசி' என்று கம்பீரமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்ததோ, "ஏரை அவுத்து உடுங்கடி!"

ஐயோ, மானமே போச்சு! நம் பக்கத்து ஹனூர்க்காரி செல்வி குபீரென்று சிரித்தாள். பிறகு சிரிப்போடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னாள். எல்லோரும் உழவர் வீட்டுப் பெண்கள்தானே, விளக்கம் எதற்கு? ஒவ்வொரு மெஷினாக நின்றது. யாரும் வெளியே போகவில்லை. மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தோம்.

மேனேஜர் ஓடிவந்தார். ரத்னா விஷயத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வேலையை ஆரம்பியுங்கள் என்றார். அவள் முதலில் என்றேன். என் வேலையும் போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது, அப்பா. உங்களுக்கும் அன்று பயமாக இருந்ததா? நான் கேட்கவே இல்லையே.

சங்கத்துக்காரர்களுக்கு ஒரே ஆச்சரியம். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்கிறார்கள். 

நேற்றுச் சாயங்காலம் மேனேஜர் இறங்கிவந்தார்; இன்று காலை ரத்னா வந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, மெஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆலை மொத்தமும் அவள் காலையே பார்த்தது. அவள் பெடலை மிதித்தாள்.

அப்புறந்தான் நாங்கள்.

அவள் பிள்ளைக்கு நடை வந்ததும் கௌதள்ளிக்குத் தூக்கி வருவேன். நீங்கள் ஏரை அவிழ்த்த அதே இடத்தில் இறக்கிவிடுவேன், நடக்கட்டும். இது சத்தியம்.

அன்று களி கொண்டுவந்த உங்கள் மகள்,
மல்லிகா