எட்டாம் பலகை

1957 செப்டம்பர் 29

கடை முகப்பின் நடுத்தூணை இன்று எடுத்துவிட்டார்கள். தீபாவளிக்குக் கண்ணாடி அலமாரி வரப்போகிறது. சேலைகள் தெருவிலிருந்தே தெரிய வேண்டுமாம். "உத்தரம் தேக்கு. அதுவே மாடியத் தாங்கும்" என்கிறார் அப்பா. அந்த உத்தரத்துக்கு மேலேதான் நாங்கள் நாலு பேரும் படுக்கிறோம்.

அக்டோபர் 6

கடை அடைக்கும்போது நான் நம்பர் சொல்ல, கடையாள் நல்லதம்பி அண்ணன் பதினாறு கதவுப் பலகைகளையும் உத்தரத்துக்கும் வாசற்படிக்கும் நடுவே காடியில் நிறுத்துவார். இன்று எட்டாம் பலகை நுழையவில்லை.

"தின்னு பெருத்திருச்சு, ஒன்னய மாதிரி" என்று சிரித்தார்.

"மழைக்கு மரம் ஊதியிருக்கு" என்று அப்பா அதன் தலையை இழைக்கச் சொன்னார்.

அக்டோபர் 11

மறுபடி இறுகுகிறது. எட்டை முதல் பலகையோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். எட்டு ஒரு விரல் குட்டை. குட்டையானது எப்படி இறுகும்?

பலகை ஊதவில்லை. உத்தரம் இறங்குகிறது.

அக்டோபர் 12

அப்பாவிடம் சொன்னேன். அறைந்தார். "வெளிய இதப் பேசுனே, தீபாவளி யாவாரமே போச்சு. பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கடைப் பேச்சு?" அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை.

இதை எழுதுவது தெரிந்தால் இன்னொரு அறை விழும். விளக்கைத் தணித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15

பாய்க்கு அடியில் மரம் முனகுகிறது. இரவில் பலகைகள்தான் தூணாக நிற்கின்றனவோ? அப்படியானால் காலையில் அவற்றை எடுத்த பிறகு?

அக்டோபர் 17



காலையில் ஏழு பலகைகள் கழன்று வந்தன. எட்டு அசையவில்லை. அப்பா தெருவில் நின்றபடி, "அடிச்சுக் கழட்டுறா" என்று நல்லதம்பி அண்ணனிடம் சுத்தியலைக் கொடுத்தார்.

"வேணாம்ப்பா, அதுதான் தாங்குது!"

"போடி அங்கிட்டு!"

மாடிக்கு ஓடினேன். "அம்மா, பாம்பு! தம்பியத் தூக்கிட்டு எறங்கும்மா!" என்று பொய் சொன்னேன். மூவரும் கொல்லைக்கு வந்தோம். சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு —

அப்புறம் மாடி இல்லை. எங்க பாயெல்லாம் கடைக்குள்ள கெடக்கு. தூசிக்குள் அப்பா யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். செங்கல்லுக்கு நடுவுல நல்லதம்பி அண்ணன் கை மட்டும். அசைஞ்சுச்சு. நான் பாத்தேன், அசைஞ்சுச்சு.

அக்டோபர் 19

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. அண்ணன் பிழைத்துவிட்டார். வலது கால் இல்லை.

1958 ஏப்ரல் 20

வாடகைக்குப் பிடித்த கடை. மாடி கிடையாது. நல்லதம்பி அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து நம்பர் சொல்கிறார். அப்பாவே பலகை போடுகிறார். இன்று எட்டைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, இங்கிட்டு வந்து தொட்டுப் பாரு. இறுகுதா?"

தொட்டேன். லேசாக ஆடியது.

"இல்லப்பா."

அவர் நகரவில்லை. அடுத்த நம்பரை அண்ணனும் சொல்லவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு, ஆத்தா."