அம்மாவின் பெயரை மாற்றியவர்கள்

என் பொன்னண்ணாவுக்கு,

எமர்ஜென்சி முடிந்த அந்தக் கோடையில் பாலாற்றங்கரை மணலில் உன்னைப் புதைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. மலையில் பிறந்தவனை மலையில் புதைக்க விடாத ஊரை மன்னித்துவிடு என்று இங்கே பலர் புத்தி சொல்கிறார்கள். அந்த ஊரில் யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்களா, அண்ணா?

நம் ஜவ்வாது மலை ஊருக்குத் தோல் என்றால் தீட்டு. செருப்பைக்கூட அடிவாரத்து டீக்கடையில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். நீ ஆம்பூர் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தாய் என்று உன்னை ஊர் தள்ளிவைத்தது. நெஞ்சு அரித்துச் செத்த பிறகும் சேர்க்கவில்லை. அதே ஷெட்டுகளுக்குத் தோல் பதனிடக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் மூட்டை மூட்டையாக அனுப்பியது யார்? உனக்குத் தீர்ப்புச் சொன்ன ஊர்க்கவுண்டர்தான். நம் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பட்டை போகலாம், ஆள் போகக் கூடாது. எம்.ஏ. வரை சரித்திரம் படித்தும் இந்த நியாயம் எனக்கு விளங்கவே இல்லை.

உனக்குத் தெரிந்ததுதான், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித் திருவிழாவில் பூசாரி மேளத்தை ஓர் அடி அடித்து, செத்துப்போன ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டார் 'வந்தாச்சு' என்று பதில் சொன்னால்தான் அடுத்த பெயர். பெண்களை அவர்கள் பெயரில் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரைப் பெத்தவளே என்பார்கள்.

நீ போன மறுவருஷமே அம்மாவும் போய்விட்டாள். 'பொன்னனைப் பெத்தவளே' என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் உன் பெயர் சாமி முன்னால் வந்துவிடுமே. அதற்காக அம்மாவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். இளையவன் என் பெயரைப் போட்டு 'கோவிந்தனைப் பெத்தவளே' என்றார் பூசாரி. நான் வாயைத் திறக்கவில்லை. என் அக்காதானே என்று மாமாவே குறுக்கே புகுந்து 'வந்தாச்சு' என்றார். வருஷா வருஷம் இதே கதை. நம் அம்மா உன்னைப் பெறவே இல்லையாம்.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் வேலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் மாமா வந்து நின்றார். காலில் புதுத் தோல் செருப்பு. திருவிழா மேளம் கிழிந்துபோயிற்றாம். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி எடுத்த நல்ல ஆட்டுத் தோல் ஒன்று ஆம்பூரில் வாங்கித் தர வேண்டுமாம்.

"தோலு தீட்டாச்சே மாமா" என்றேன்.

"இது சாமிக்குடா."

"சாமிக்குன்னா நாறாதா? எங்கண்ணன் மட்டுந்தான் நாறினானா?"

"பழசையெல்லாம் கெளறாதே. வாங்கிக் குடுப்பியா மாட்டியா, அதைச் சொல்லு."

"எங்கம்மா மொதல்ல பெத்தது யாரை? அதை நீங்க சொல்லுங்க."

அவர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். "மேளம் இல்லைன்னா உங்கம்மாவையும் கூப்புட முடியாது. யோசிச்சுக்கோ" என்றார். தப்பாகக் கூப்பிடுவதற்குக் கூப்பிடாமலே இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அண்ணி மெச்சுவாள் என்று நினைத்துச் சாயங்காலமே மாதனூருக்கு ஓடினேன். அவள் இப்போது ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத் திட்டினாள்.

"உனக்கு இன்னா தம்பி, வீராப்பாப் பேசிட்டு வந்துட்டே. மேளமே இல்லைன்னா நான் எங்க போய் நிக்கறது?"

தள்ளிவைத்தவன் பெண்டாட்டி என்று அவளை ஊருக்குள்ளேயே விடமாட்டார்களே என்றேன்.

"தோலைத் தலையில வெச்சுத் தூக்கிட்டு வர்றவளை எப்படித் தடுப்பாங்க? என்னை நிறுத்தினா மேளமும் அங்கயே நிக்கும்." டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்த வீட்டுக்கு மூத்த மருமவ நான். பதில் சொல்றது என் உரிமை, உங்க மாமாவுது இல்லை. கோவிந்தனைப் பெத்தவளேன்னு கூப்புடட்டும். அந்தப் பேர்ல எங்க வீட்ல யாரும் சாவலைன்னு சொல்றேன். அப்புறம் அடுத்த பேருக்கு எப்படிப் போறாங்கன்னு பாக்கறேன்."

இத்தனை வருஷம் கோபப்பட்ட எனக்கு இது ஏன் தோன்றவில்லை, அண்ணா?

தோலுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அண்ணி முன்னால் ஏறுவாள், நான் பின்னால் வருவேன். மாமா முந்திக்கொண்டு பதில் சொல்ல வந்தால் அவர் வாயை அடைப்பது என் பொறுப்பு. மற்ற வீடுகளில் செத்துப்போன பெரியவர்களெல்லாம் அன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்கட்டும். நீ காத்திருந்ததைவிட அது ஒன்றும் ஜாஸ்தி இல்லை. உன் பெயரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடும்வரை நாங்கள் இருவரும் அந்தக் கோயில் வாசலை விட்டு நகர மாட்டோம். இது உன் மேல் ஆணை.

பொன்னனைப் பெத்தவளின் இரண்டாவது மகன்,
கோவிந்தன்