பூட்டியபடியே வெடித்த துப்பாக்கி

அனுப்புநர்:
திருமதி கமலாட்சி தனசேகரன்,
(காவலர் தனசேகரனின் மனைவி)
ரயில் பட்டறைப் பின்தெரு,
இன்சீன், யாங்கோன்.

பெறுநர்:
உயர்திரு மைக்கேல் தேவசகாயம் அவர்கள்,
நிர்வாக அதிகாரி மற்றும் விசாரணைத் தலைவர்,
ஆற்றங்கரை அரிசிக் கிடங்கு,
தன்லியின்.

பொருள்: மலிவு இறக்குமதித் துப்பாக்கியின் பழுதுக்கு என் கணவர் மேல் போடப்பட்ட பழியை நீக்கவும், அவரிடம் ஒப்புதல் கையெழுத்துக் கேட்பதை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவின் பர்மிய மொழிபெயர்ப்பு ஒன்று தலைமை அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. அதை எழுதியவள் என் மகள் சாந்தகுமாரி. பயந்த பெண். எழுதும்போதே என் கோபத்தில் பாதியை எடுத்துவிட்டாள். தாங்கள் தமிழர் என்பதாலும், என் கணவரைத் தமிழிலேயே ஏசினீர்கள் என்பதாலும், குறைக்காத மனுவைத் தங்களுக்குத் தமிழிலேயே அனுப்புகிறேன்.

1. என் கணவர் தனசேகரன் தங்கள் கிடங்கில் பதினோரு ஆண்டுகளாகக் காவலர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பம். அவருக்கு முன் அவருடைய தகப்பனாரும் அதே வாசலில் கழியோடு நின்றவர். சென்ற மழைக்காலம் வரை அங்கே காவலுக்குக் கழியும் டார்ச் விளக்கும் ஊதுகுழலும்தான். படித்துறையில் திருட்டு நடந்த பிறகு, எல்லை வழியாக வந்த இறக்குமதித் துப்பாக்கிகளை நிர்வாகம் வாங்கியது. விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் அரைத்தானியங்கி வகை. இருப்பதிலேயே மலிவான சரக்கு என்று கணக்குப்பிள்ளை பெருமையாகச் சொன்னாராம். அந்தப் பெருமையில்தான் இன்று ஒரு மனிதன் கால் ஊனமாகிக் கிடக்கிறான்.

2. பெட்டியைத் திறந்த அன்று இருந்த நிலையைத் தாங்கள் மறந்திருக்கலாம், நான் சொல்கிறேன். என் கணவர் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் அதையேதான் பேசினார். துப்பாக்கிகள் கிரீஸில் மூழ்கிக் கிடந்தன. ஒன்றில் பின்கட்டை விரிசல் விட்டு, மேலே மெழுகு வைத்து மறைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் குறிபார்க்கும் முனை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு துப்பாக்கியின் தோட்டாக் கூடு அடுத்த துப்பாக்கியில் பொருந்தவில்லை. உடன் வந்த காகிதம் எந்த மொழி என்று கிடங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பெட்டியின் மேல் மட்டும், சோதித்துப் பார்க்கப்பட்டது என்ற முத்திரை அழகாகக் குத்தப்பட்டிருந்தது. சோதித்தவர் யார் ஐயா? கண்ணை மூடிக்கொண்டு சோதித்தாரா?

3. காவலர்கள் தங்களிடம் வந்து முறையிட்டார்கள். தாங்கள் அப்போது சொன்னது, "காவலுக்குத்தானப்பா, சண்டைக்கா போறீங்க? தொடச்சு வச்சுக்கங்க." துடைத்தார்கள். என் வீட்டு மண்ணெண்ணெய், என் கணவரின் பழைய கைலி இரண்டு அதற்கே போயின. விரிசல் விட்ட கட்டையைச் சைக்கிள் டியூப் கிழித்துச் சுற்றிக் கட்டினார்கள். பிடிக்கும் இடத்தில் பிசிர் கையைக் கிழித்ததால், என் கணவர் வெளிப்புறத்தை மட்டும் அரத்தால் தேய்த்தார். தாங்கள் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "பரவாயில்லையே தனசேகரா, பட்டறை மாதிரி பண்ணிட்டே" என்றும் சொன்னீர்கள். அந்தப் பாராட்டுத்தான் இன்று, அனுமதியின்றி ஆயுதத்தில் கை வைத்த குற்றமாக மாறியிருக்கிறது.

4. துடைத்தும் கட்டியும் சரி செய்ய முடியாத கோளாறு ஒன்று இருந்தது. குழலுக்குள் ஏறிய தோட்டாவைத் திரும்ப எடுக்கப் போனால் பாதியில் சிக்கிக்கொள்ளும். காவல் நேரத்தில் துப்பாக்கி நிரப்பியிருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. முறை முடிந்ததும் எடுக்க வராது. இதையும் என் கணவர் தங்கள் மேசை முன் நின்று சொன்னார். கூட நின்றவர் காவலர் கோ சான் லின். தாங்கள் எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. வாயால் சொன்னீர்கள்: "வரலேன்னா விடுங்கப்பா. லாக்கு இருக்குல்ல? லாக்கைப் போட்டுச் சாய்ச்சு வைங்க." அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கிகள் நிரப்பியபடியே, பாதுகாப்புப் பூட்டை மட்டும் நம்பி நின்றன. ஆறு குடும்பங்களின் ஆண்பிள்ளைகள் அவற்றின் பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

5. இனி ஆயுத பூஜை. அதைப் பற்றித் தாங்கள் எழுதி, கையெழுத்துக் கேட்டு ஆள் மூலம் அனுப்பிய தாளோடு சேர்த்து அனுப்பியிருக்கும் அறிக்கையையும் படித்தேன். கிடங்கில் நம் ஆட்கள் வருடா வருடம் பூஜை போடுவது ஊருக்கே தெரியும். தராசு, மூட்டைக் கொக்கி, டார்ச், சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். இந்த வருடம் துப்பாக்கியும் சேர்ந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடுவதில்லை என்பது வழக்கம். ஆகையால் அன்று இரவு கழியோடுதான் காவல் நின்றார்கள். இது தங்களுக்குத் தெரிந்தே நடந்தது. தாங்கள் கிறிஸ்தவராக இருந்தும் பெருந்தன்மையோடு வந்து, பொரியும் கடலையும் கை நிறைய வாங்கி, பலகையில் படுத்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனீர்கள். இப்போது அறிக்கையில், காவலர்கள் மூடநம்பிக்கையால் கிடங்கைக் காவலின்றி விட்டார்கள் என்று இருக்கிறது. பொரி செரிக்கும் முன்னே எப்படி ஐயா இப்படி எழுத மனம் வந்தது?

6. ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாரும் சொல்லி என்னைத் தலைகுனிய வைக்க வேண்டாம். பூஜைக்கு முன் என் கணவர் தோட்டாவை எடுக்கப் பார்த்தார். வழக்கம்போல் சிக்கியது. பூஜை செய்யும் பெரியவர் சின்னத்தம்பி, "வெறும் ஆயுதத்தைச் சாமி முன்னால வைக்கிறதில்ல தம்பி, நிறைஞ்சதாவே இருக்கட்டும்" என்றார். இவரும் விட்டுவிட்டார். அது தவறு. அந்தத் தவறுக்காக அவரை வீட்டில் நான் கேட்ட கேள்விகளைத் தாங்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பீர்கள். ஆனால் அன்று காலையும், அதற்கு முந்தின நாளும், அதற்கு முந்தின வாரமும் அந்தத் துப்பாக்கி நிரப்பியேதான் இருந்தது. அது பூஜையால் வந்ததல்ல, தங்கள் வாய்மொழி உத்தரவால் வந்தது.

7. மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடிந்ததும் காவலர்கள் துப்பாக்கிகளை எடுத்தார்கள். என் கணவர் ஒன்றைத் தூக்கி, முறைக்கு வந்த கோ சான் லினிடம் நீட்டினார். பின்கட்டை பலகை ஓரத்தில் இடித்தது. ஓங்கி இடிக்கவில்லை, கதவில் முழங்கை படுவது போல. வெடித்துவிட்டது. தோட்டா கோ சான் லினின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டு போனது. விசையில் யார் விரலும் இல்லை. பூட்டு போட்டபடி இருந்தது. வெடித்த பிறகும் பூட்டு போட்டபடியே இருந்தது. ஓடி வந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தாங்களும் குனிந்து பார்த்தீர்கள். அறிக்கையில் மட்டும் அந்த வரி இல்லை.

8. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? பூஜைச் சந்தனம் கரைந்து உள்ளே இறங்கி விசையைக் கெடுத்தது என்று இருக்கிறது. ஐயா, அந்தச் சந்தனத்தை அரைத்தவள் நான். கல்லில் கெட்டியாக அரைத்துக் கிண்ணத்தில் வழித்துக் கொடுத்தேன். கவிழ்த்தால்கூடச் சொட்டாது. விரல் நுனியளவு பொட்டு, அதுவும் பின்கட்டை மரத்தின் மேல். இரும்பில் ஒரு துளி படவில்லை. அந்தப் பொட்டு காய்ந்து இப்போதும் அங்கேயே இருக்கும். போய்ப் பாருங்கள். அல்லது அதையும் துடைத்துவிட்டீர்களா?

9. கோ சான் லினைப் பார்க்க நான் மருத்துவமனைக்குப் போனேன். ஊரெல்லாம் தடின்ஜுட் பண்டிகைக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாள் அது. அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோ சான் லின் நம் தெருவில் நம் பிள்ளைகளோடு வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் என்னை மட்டும் பர்மியத்தில் அமா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அமா, தனசேகர் அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்ல. அண்ணன் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டா எனக்கும் நியாயம் கிடைக்காது, அவருக்கும் கிடைக்காது." காலில் கட்டோடு படுத்திருப்பவருக்கு இருக்கும் அறிவு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கக் கூடாதா? தாங்கள் இன்றுவரை அந்த மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை. இனி அவர் கழி ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

10. வரும் வியாழக்கிழமை என் கணவர் தங்கள் முன்னால் வந்து கையெழுத்திட வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தத் தாளில், நான் என் இஷ்டப்படி ஆயுதத்தை அரத்தால் தேய்த்தேன், பூஜை செய்து கெடுத்தேன், விபத்துக்கு நானே பொறுப்பு என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும், விட்டுவிடுவோம் என்று இவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. நான் அரசாங்கச் சட்டம் படித்தவள் அல்ல. ஆனாலும் ஆயுதத்தைக் கெடுத்து ஆளைச் சுட்டேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், அவனை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் இன்சீன் சிறைச்சாலைக்குப் போகும் சாலை தெரிகிறது. அதில் போகிற பெண்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். கையில் சோற்றுத் தூக்கோடு அந்த வரிசையில் நானும் போய் நிற்பேன் என்று நினைக்காதீர்கள்.

11. என் கணவர் சாது. நண்பன் காலை உடைத்துவிட்டோமே என்ற துக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். "போட்டுட்டுப் போறேன் கமலா, தொல்லை தீரட்டும்" என்கிறார். பேனாவைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் தாமாகச் செய்யாத ஒன்றை, துக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து அவரிடம் எழுதி வாங்குவது அதிகாரமா, வழிப்பறியா? தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

12. ஆகவே நான் கேட்பது இதுதான். வந்த துப்பாக்கிகளில் இரண்டு இன்னும் பிரிக்கப்படாமல், அதே கிரீஸோடு, அதே முத்திரையோடு, தங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கின்றன. அவற்றில் என் கணவரின் அரம் படவில்லை. என் சந்தனம் படவில்லை. எந்தச் சாமியும் அவற்றைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமைக்கு முன், தலைமை அலுவலகத்தார் ஒருவரும், ஆயுதம் தெரிந்த வெளி ஆள் ஒருவரும், கோ சான் லின் வீட்டார் ஒருவரும் இருக்க, அவற்றைத் திறந்து சோதிக்க வேண்டும். அதுவரை மற்ற துப்பாக்கிகளையும் காவலர் கையில் கொடுக்கக் கூடாது. பழைய கழி போதும், கழி யாரையும் தானாக அடித்ததில்லை. கோ சான் லினின் மருத்துவத்தையும் அவர் குடும்பத்தையும் நிர்வாகம் ஏற்க வேண்டும்.

13. சோதனை எல்லாம் தேவையில்லை, நிர்வாகம் வாங்கிய சரக்கில் பழுதே கிடையாது என்று தாங்கள் இன்னமும் சொல்வீர்களானால், அதையும் ஏற்றுக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டித் துப்பாக்கிகளில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். நிரப்பச் சொல்லுங்கள். பூட்டைப் போட்டு, குழல் தங்கள் நெஞ்சைப் பார்க்கும்படி தங்கள் மேசை மேலேயே வையுங்கள். பியூன் கோப்புகளைக் கொண்டுவந்து மேசையில் போடட்டும், தாங்கள் இழுப்பறையைத் திறந்து மூடுங்கள், கோபம் வந்தால் வழக்கம்போல் மேசையைத் தட்டுங்கள். அப்படி ஒரு நாள், காலையிலிருந்து மாலை வரை, தாங்கள் உட்கார்ந்து வேலை பார்த்து எழுந்தால், அன்று மாலையே என் கணவரை நானே கையைப் பிடித்து அழைத்து வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

தங்கள் பதிலை வியாழக்கிழமைக்கு முன் எதிர்பார்க்கிறேன்.

இடம்: இன்சீன், யாங்கோன்
நாள்: 20-10-1997

இங்ஙனம்,
தங்கள் முன் தலை வணங்கும், ஆனால் குனியாத,
(ஒப்பம்) த. கமலாட்சி