இரண்டு கண்ணுக்கும் ஒரே நீளம்

14, செவ்வாய்

நாளை புரை ஆபரேஷனுக்கு வரும் கமலம்மாவின் சீட்டில் இரண்டு கண்ணுக்கும் ஒரே நீளம்: 23.18 மில்லிமீட்டர். புள்ளிக்குப் பின்னாலும் அப்படியேவா இருக்கும்? இதை வைத்துத்தான் உள்ளே பொருத்தும் லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறோம்.

அவருடைய இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஒளியைச் செலுத்தி அளக்கும் லைட் மெஷினால் அதை அளக்க முடியாது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவியால் தொட்டுத்தான் அளக்க வேண்டும். அளந்தது எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஷில்பா.

"லெஃப்ட் கண்ணையும் அளந்தியா?" என்று கேட்டேன்.

"அளந்தேன் அக்கா, சேம் வந்துச்சு." என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜீவனஹள்ளியில் இருக்கும் கமலம்மாவுக்கே போன் போட்டேன். "சொட்டு எதுவும் விடல மேடம். லைட்டைப் பாருன்னாங்க, அவ்ளோதான்."

மேனேஜரிடம் காட்டலாம் என்று சீட்டை எடுத்தேன். கீழே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், என் கையெழுத்து. கூட்டம் சேருமுன் காலையிலேயே வெற்றுச் சீட்டுகளில் போட்டு வைப்பது என் வழக்கம். சீட்டைத் திரும்ப ஃபைலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆபரேஷன் எட்டு மணிக்கு. ஏழுக்கே போய் நானே அளந்துவிடலாம். ஷில்பாவுக்குத் தெரியவேண்டாம். ஆனால் புது அளவை எழுதப் புதுச் சீட்டு வேண்டும். ஆஸ்பத்திரி மேஜையில் மிச்சமிருக்கும் சீட்டுகள் எல்லாவற்றிலும் என் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது.