கண்ணாடிக்கடைச் சிட்டுவுக்காக

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம். நான் போனை எடுப்பதில்லை என்று அண்ணியிடம் குறைப்பட்டீர்களாம். எடுத்தால் உங்கள் குரலுக்கு முன்னால் உங்கள் சலூன் ரேடியோதான் பேசுகிறது. அதனால்தான் கடிதம்.

நான் இங்கே வந்து நாலு மாதம். ஆறு வெள்ளிக்கிழமையாக நேயர் விருப்பத்தில் ஒரே பாட்டு, ஒரே அறிவிப்பு: "கண்ணாடிக்கடைச் சிட்டுவுக்காக, காத்திருக்கும் கணவர் கேட்கிறார்." 'கொஞ்ச நேரம் இரு' என்று பாடகர் உருகுகிறார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அழுகிறாள். என் முதலாளி லென்ஸ் தீட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "இப்படி ஒரு மனுசனை விட்டுட்டு இருக்கியேம்மா" என்கிறார். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மரத்துப்போன காலை யாரோ மிதிப்பதுபோல் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
சிட்டு

மார்ச் 9

அன்புச் சிட்டுவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்காலியில் இருந்தவர் பாதித் தலையோடு காத்திருந்தார்.

கோபப்படாதே. எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். என் மனதில் இருப்பதை அந்தப் பாட்டு அப்படியே சொல்லிவிடுகிறது, நடுவில் நான் எதற்கு? ஊரே நம் பக்கம் தெரியுமா? ஷேவிங்குக்கு வரும் பஸ் டிரைவர் அந்தப் பாட்டு வந்தால் வண்டியில் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாராம். புதிதாகக் கல்யாணமான ஒருத்தன், "அண்ணே, உங்களாலதான் எங்க சண்டை தீர்ந்துச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நம் சண்டைதான் தீரவில்லை.

என்றைக்கு வருகிறாய்? கடையைப் பூட்டிவிட்டு வந்து அழைத்துப் போகிறேன்.

உன்,
சலூன்காரன்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

யாரோ எழுதி, யாரோ மெட்டுப் போட்டு, யாரோ பாடியது அது. கேட்கிறவர்கள் அவரவர் கதையை அதில் போட்டுக்கொண்டு அழட்டும், நான் தடுக்கவில்லை. பதினொரு வருடத்தில் நான் பேசும்போது ஒருநாளாவது அந்த ரேடியோவைக் குறைத்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு கேள்வி. நான் கிளம்பிய அன்று காலை, சலூன் வாசலில் நின்று உங்களிடம் என்ன கேட்டேன்? அதை மட்டும் எழுதுங்கள். சரியாக எழுதினால் மறுநாளே பெட்டியோடு வருகிறேன். பாட்டு வேண்டாம்.

சிட்டு

மார்ச் 24

சிட்டு,

ஒரு வாரம் யோசித்தேன். பொய் எழுத மனம் வரவில்லை.

அப்போது நான் ஒருவர் தாடையில் கத்தி வைத்திருந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க் கண்ணாடியில் உன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வீட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்கிறாய் என்று நினைத்து, "சரி" என்றேன். நீ ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாய். அப்போதே பின்னால் வந்து கேட்டிருக்க வேண்டும்.

என்ன கேட்டாய்?

உன் கடிதம் வந்ததிலிருந்து ரேடியோ போடவில்லை. கத்திரிச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது.

உன்,
சலூன்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

பொய் எழுதாததற்கு நன்றி. உண்மையாகவே சொல்கிறேன்.

"நான் அண்ணன் வீட்டுக்கே போயிடட்டுமா?" என்று கேட்டேன். ரேடியோவில் அப்போது அந்தப் பாட்டுதான். பாடகர் இரு, இரு என்றார். நீங்கள் சரி என்றீர்கள். அவர் பேச்சைக் கேட்டு நான் எப்படி இருப்பது?

முதல் வெள்ளிக்கிழமை அதே பாட்டு வந்தபோது, அன்று நடந்தது தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். திரும்பி வர செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் அறிவிப்பாளர் அடுத்த நேயருக்குப் போனதும் கழற்றி வைத்தேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில்தான் படித்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மூன்று லென்ஸ் தீட்டி முடித்தேன்.

நான் வரவில்லை. இதற்கும் சரி என்று சொல்லிவிடுங்கள்.

சிட்டு