உன் அம்மாவின் வியாழக்கிழமைகள்

டத்தோ கிராமாட், பினாங்கு
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் இஸ்ஸதிக்கு, அத்தா ஜபருல்லா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தம்பி இர்வானும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. அந்த ஹோபார்ட் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இர்வான்தான் சொன்னான், அத்தா, நீங்க போன் அடிச்சா அக்காவுக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி, எழுதிப் போடுங்க, அவங்களுக்குத் தோணும்போது படிச்சிக்குவாங்க என்று. ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் என்று நான் பேசி அனுப்பியதையெல்லாம் நீ எப்படிக் கேட்டிருப்பாய் என்று அப்போதுதான் யோசித்தேன். நாற்பது வருஷம் ஜவுளிக் கடையில் நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் பேசியே சேலை வாங்க வைத்தவன் நான். வாய்க்கு வேலை கொடுக்காமல் கைக்கு மட்டும் வேலை கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

நீ அனுப்பிய ஒரு வரி வந்தது. அத்தா, தம்பி நிக்காஹ்வுக்கு நான் வரவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. கூடப் பிறந்தவன் ஒருத்தன், அவன் நிக்காஹ்வுக்குக்கூட வராத அக்கா எங்கே உண்டு என்று இர்வானிடம் கத்தினேன். பெண் வீட்டாரிடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். மண்டப வாசலில் நின்று எண்ணூறு பேருக்கு சலாம் சொல்லி வரவேற்க, வேலை லிஸ்டில் உன் பெயரைத்தான் போட்டு வைத்திருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த லிஸ்டை உனக்கு இர்வான் அனுப்பினான் என்பதும், அதைப் பார்த்த மறுநாள்தான் உன் வரி வந்தது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன நோன்புப் பெருநாளுக்கு நீ வந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அன்று ஓப்பன் ஹவுஸ், வீடு கொள்ளாத கூட்டம். காலையிலிருந்து தட்டு தட்டாகப் பரிமாறிவிட்டு மத்தியானம் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று. நான் கதவைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, என் மக வெளிநாடு போயி சொம்போங் ஆயிட்டாளே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ வெளியே வந்து நீயும் சிரித்தாய். இரண்டு நாள் கழித்துப் போக வேண்டியவள் மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போனாய், ஆபீஸில் அவசரம் என்றாய், நானும் நம்பினேன். பேசாத பிள்ளைக்கு இந்த ஊரில் நமக்கு வேறு வார்த்தை இல்லையம்மா. வெட்கப்பட்டாலும் சொம்போங், களைத்துப் போனாலும் சொம்போங், நிஜமாகவே தலைக்கனம் பிடித்தாலும் சொம்போங். உனக்கு ஆறு வயதிலிருந்து நான் அந்த ஒரு பெயரையே வைத்திருந்தேன். நீ ஒரு தடவை இன்ட்ரோவெர்ட் என்று எழுதி அனுப்பியபோது ஏதோ வியாதி என்று பயந்து, பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து, அதை எப்படி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது என்று தபால் ஆபீஸில் போய் விசாரித்தேன். இர்வான் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மாவின் தங்கச்சி சபூரா சாச்சி அக்கரை தாசேக் கெலுகோரிலிருந்து கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக வந்திருந்தாள். நான் அவளிடம், பச்சையும் வெள்ளையுமாக இருக்குமே செரி மூக்கா குவே, அந்தப் பலகாரம், உன் அக்கா உயிரோடு இருந்தபோது வாராவாரம் கொடுத்து விடுவாயே, அதைப் போல நிக்காஹ்வுக்கும் செய்து கொடு என்றேன். அவள் முழித்தாள். நா ஜென்மத்துல குவே பண்ணதில்ல மச்சான், அக்கா எங்க வீட்டுக்கு மாசத்துல ஒருநாள் வந்தாலே பெரிசு என்றாள். உனக்கு நினைவிருக்கும், உன் அம்மா ரொஸ்னா வியாழக்கிழமை ஆனால் தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லி ஃபெரி ஏறிப் போய்விடுவாள், சாயங்காலம் குவே பொட்டலத்தோடு வருவாள். சாச்சியை விடாமல் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். மற்ற வியாழக்கிழமைகளில் உன் அம்மா எங்கும் போகவில்லையாம். ஃபெரியில் உட்கார்ந்து அக்கரை பட்டர்வொர்த் போவாளாம், இறங்கி அடுத்த ஃபெரியில் திரும்புவாளாம், மறுபடி போவாளாம். ஏனக்கா இப்படி என்று சாச்சி கேட்டதற்கு, அங்க யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க சபூரா என்றாளாம். குவே ஃபெரித் துறைக் கடையில் வாங்கியது.

வியாழக்கிழமை எனக்குக் கடை லீவு, இஸ்ஸதி. நீயும் இர்வானும் பள்ளிக்கூடம் போய்விடுவீர்கள். வீட்டில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

சாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெறுத்தவங்க திரும்பி வருவாங்களா மச்சான் என்று ஆறுதல் சொன்னாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என்னிடமிருந்து கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது, அதைக் கேட்டு வாங்க முடியாமல் ஒரு பொய்யும் ஒரு பொட்டலமும் தேவைப்பட்டிருக்கிறது. கேட்டிருந்தால் மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன். உன்னைச் சொன்னதைத்தான் அவளையும் சொல்லியிருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை நானும் போய் ஃபெரி ஏறினேன். யாரோடும் பேசுவதில்லை என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். பாதி வழி தாண்டுவதற்குள் பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரிடம் பையில் என்ன என்று கேட்டுவிட்டேன். அவர் மரியாதையாக, மீன் என்று சொல்லிவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பிறகு அழுகையும் வந்தது. சும்மா இருப்பது எனக்கு வராதம்மா. அம்மா போன இந்த மூன்று வருஷமாக டிவியை அணைத்ததே இல்லை, ரொட்டிக்காரனை நிறுத்தி வைத்துப் பேசுகிறேன், பாவம் அவனுக்கும் நேரமாகிறது. நிக்காஹ் முடிந்து இர்வானும் மருமகள் லைலாவும் சிம்பாங் அம்பாட்டில் குடியேறப் போகிறார்கள், அவன் தொழிற்சாலைக்கு அதுதான் பக்கம். அப்புறம் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று பெண் வீட்டுக்குப் போய் லீவு கதை பொய் என்று சொன்னேன். என் மகளுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது, அவள் வரவில்லை, குடும்பப் படத்தில் அவள் இல்லை என்று யாரும் கேட்க வேண்டாம் என்றேன். சம்பந்தியம்மாள் ஒரு மாதிரி பார்த்தாள், பார்க்கட்டும். நீ நிக்காஹ்வுக்கு வர வேண்டாம். தம்பிக்கு உன் கையால் நாலு வரி எழுதி அனுப்பு, போதும்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன், தாழ்ப்பாளையும் சரி செய்துவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். காலையில் பசாருக்குப் போய்விடுவேன், லுஹருக்குப் பள்ளிவாசல் போனால் அஸர் முடித்துத்தான் வருவேன், அதுவரை வீடு உனக்குத்தான். அல்லாஹ் உனக்கு நல்ல உடலையும் நிம்மதியான மனதையும் கொடுப்பானாக. குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பதில் நீளமாக எழுத வேண்டியதில்லை. நான் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்றால், அதை மட்டும் எழுது.

துஆவுடன்,
உன் அத்தா
மு. ஜபருல்லா