கவரின் மேல் ஒரு பெயர்

ஆகஸ்ட் 21, வியாழன்

பல்கலைக்கழகப் பொன்விழாவுக்காக நாங்கள் எழுதிய கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்து இன்று புதைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திறந்து, கவரில் உள்ள பெயரை மைக்கில் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுப்பார்களாம். எல்லாரும் பிள்ளை, பேரப்பிள்ளை பெயரை எழுதினார்கள். நான் காலியாக விட்டேன்.

"லைப்ரரி மேடம், பேர் இல்லாம வாங்க மாட்டேன்," என்றார் ஆபீஸ் தேவராஜ் சார். எரிச்சலில் என் பெயரையே எழுதினேன். திறக்கும்போது எனக்கு நூற்றேழு வயது. அவர் கவனிக்காமலே சீல் குத்தினார்.

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ரயிலில் இதே நினைப்பு. அம்மா போனதிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கே போனாலும் மேடம்தான்.

பெட்டியைத் திறக்கும் அன்றைக்கு ஒருவர் கூப்பிடுவார். "எஸ்தர் ராணி!" யாரும் எழுந்து வராததால், இன்னொரு தடவையும் கூப்பிடுவார்.